கமலா மட்டும்தான் ஆரஞ்சா?

ஆரஞ்சு என்றால் கமலாதான். அது மலையில் மட்டுமே விளையும். தோல் பச்சையாக இருந்தால் பழுக்கவில்லை. சாத்துக்குடி ஆரஞ்சே அல்ல, நோயாளிக்குப் பிழிந்து கொடுக்கிற ஏதோ ஒன்று. பட்டு நெசவு ஊரான ஆரணிப் பக்கத்தில் நெடுநாளாக உலவும் இந்த நான்கு கால் கருத்து, பழக்கடையிலிருந்து கல்யாணப் பந்தி வரை மறுபேச்சின்றி நடமாடுகிறது. செடி வண்டிக்காரர்கள் இதற்கு ஐந்தாவதாக ஒரு காலையும் ஒட்டியிருக்கிறார்கள்: நாக்பூர் கமலா ஒட்டுச்செடியைத் தொட்டியில் வைத்தால் வைத்த வருஷமே காய்க்கும். மலையில் மட்டுமே விளையும் பழம் நெசவுத் தெரு வாசலில் எப்படிக் காய்க்கும் என்று வாங்குபவர் கேட்பதில்லை. விற்பவருக்கும் அந்தச் சங்கடம் இல்லை.

முதலில் பெயர் விவகாரம். தாவரவியல் இந்தப் பழங்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறது. ஒன்று இனிப்பு ஆரஞ்சு, அதாவது சிட்ரஸ் சைனென்சிஸ். மற்றது மாண்டரின், அதாவது சிட்ரஸ் ரெட்டிகுலேட்டா. தோல் தளர்ந்து, சுளை சுளையாகப் பிரிந்து வரும் கமலா மாண்டரின் கூட்டத்தைச் சேர்ந்தது. தோல் சதையோடு ஒட்டியிருக்கும் சாத்துக்குடி இனிப்பு ஆரஞ்சு. பிரேசிலில் சாறாகிக் கப்பலேறுவதும், கலிபோர்னியாவின் நேவலும், உலகெங்கும் பயிராகும் வலென்சியாவும் சாத்துக்குடியின் உடன்பிறப்புகள். உலகச் சந்தை வெறுமனே ஆரஞ்சு என்று சொல்லும்போது இந்தக் குடும்பத்தைத்தான் சொல்கிறது. கண்டிப்பு என்று வந்துவிட்டால் வாசலில் நிறுத்தப்பட வேண்டியது சாத்துக்குடி அல்ல, கமலா. மரபணு ஆய்வுகள் இன்னும் ஒரு படி போகின்றன: மாண்டரினும் பம்பளிமாசும் கலந்து பிறந்ததே இனிப்பு ஆரஞ்சு. கமலாவின் கூட்டம் ஆரஞ்சுக்குத் தாய்வழியோ தந்தைவழியோ ஒரு பாட்டன் முறை. பாட்டனைக் காட்டி, இவர் ஒருவர்தான் பேரன் என்று சாதிப்பது வேடிக்கையான வழக்கு.

இந்தக் குழப்பத்துக்கு ஆங்கிலப் பலகைகளும் உடந்தை. ஜூஸ் கடைகள் சாத்துக்குடியை ‘ஸ்வீட் லைம்’ என்று எழுதி வைக்கின்றன. ஸ்வீட் லைம் என்பது சிட்ரஸ் லிமெட்டியோய்டிஸ் என்ற வேறொரு பழம். வட இந்தியாவில் மீட்டா நிம்பு என்பார்கள். மகாராஷ்டிரத்தின் மொசம்பிக்கும் இதே கதிதான். மொசாம்பிக் நாட்டுப் பெயரைச் சுமந்து நிற்கும் அதுவும் அசல் இனிப்பு ஆரஞ்சே. பலகை எழுதியவரின் தவறு பத்து வருஷத்தில் பாடமாகிவிட்டது.

தமிழுக்கு இந்தப் பழம் புதிதும் அல்ல. கிச்சிலி என்ற பழைய சொல்லை அகராதிகள் இன்னும் வைத்திருக்கின்றன. ஈழத்தில் இன்றும் தோடம்பழம் என்கிறார்கள். ‘ஆரஞ்சு’ என்ற சொல்லே சமஸ்கிருத நாரங்கம், பாரசீக நாரங், அரபு நாரஞ்ச், ஸ்பானிய நரஞ்சா என்று ஊர் சுற்றி ஆங்கிலத்துக்குப் போனது. அதன் வேர் நாரத்தையை ஒத்த ஒரு திராவிடச் சொல் என்பது மொழியியலார் பலரின் கருத்து. புழக்கடையில் நாரத்தை மரத்தை வைத்துக்கொண்டு, இந்த மண்ணுக்கும் ஆரஞ்சுக்கும் ஒட்டே இல்லை என்று பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சலுக்குச் சாத்கர் ஒரு நல்ல மருந்து. பேர்ணாம்பட்டை அடுத்த ஊர். ஆரணி ஜாகீர் இருந்த அதே பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆற்காட்டு நவாப்பின் தோட்டம் அங்கே இருந்தது. 1800இல் சென்னையிலிருந்து மைசூருக்குப் பயணமான பிரான்சிஸ் புக்கானன் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆரஞ்சு வகை மரங்களே அதில் மிகுதி; சென்னையின் ஆர்மீனிய வணிகர்கள் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். லாபமில்லாத இடத்தில் ஆர்மீனிய வணிகர்கள் கைவைத்ததாக வரலாறு இல்லை. சாத்துக்குடி என்ற பெயரே சாத்கரிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அது உறுதியாகாவிட்டாலும் தோட்டம் உறுதி. இன்று சாத்கர் மலை செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் கள்ளச்சாராய வேட்டைக்காக என்பதால் பழத்தின் நினைவு போய்விட்டது.

அடுத்தது மலைவாதம். தமிழ்நாட்டு மாண்டரின் சேர்வராயன், கொல்லிமலை, கீழ்ப்பழனி, சிறுமலைச் சரிவுகளில் விளைகிறது என்பது சரி; காப்பித் தோட்ட நிழலோடு வளர்ந்து பழகிய மரம் அது. ஆனால் எந்தக் கமலாவைக் காட்டி இந்த வாதம் செய்யப்படுகிறதோ, அது வருவது நாக்பூரிலிருந்து. நாக்பூர் மலையில் இல்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 310 மீட்டர் உயரத்தில், கோடையில் 45 டிகிரியைத் தாண்டிக் காயும் கரிசல் பூமி. நாட்டின் எலுமிச்சை வகை ஆராய்ச்சி நிறுவனத்தை 1985இல் அங்கேதான் தொடங்கினார்கள். இனிப்பு ஆரஞ்சுக்கோ மலையின் தயவே வேண்டாம். அனந்தபூர், கடப்பை, நல்கொண்டா என்று அது செழித்திருப்பதெல்லாம் வறண்ட சமவெளி. ஆரணியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள திருப்பதியில் இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது.

நிறவாதம் இதைவிட மெலிந்தது. எலுமிச்சைக் குடும்பத்துப் பழத்தோலில் பச்சையம் மறைந்து மஞ்சள் ஏற, இரவுக் குளிர் ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். ஆரணியில் மார்கழி இரவும் அவ்வளவு இறங்குவதில்லை. ஆகவே இங்கே நன்றாகப் பழுத்த பழமும் பச்சையும் மஞ்சளுமாகத்தான் நிற்கும். வெப்பநாட்டு ஆரஞ்சுகள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். இலங்கையின் பிபிலைப் பழமும் பச்சைத் தோலோடு இனிக்கிறது. கடையில் பளபளக்கும் சீரான நிறம் பல வேளைகளில் எத்திலீன் வாயுவின் கைவேலை. மினுமினுப்பு மெழுகின் உபயம். வாயு தோலின் நிறத்தை மாற்றும், உள்ளே சர்க்கரையைக் கூட்டாது. மாம்பழத்தைப் போலப் பறித்தபின் பழுக்கும் இனம் அல்ல இது. மினுமினுப்பைப் பார்த்துப் பட்டு என்று நம்பாமல், ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தி, முடி கருகும் வாசனை வருகிறதா, சாம்பல் பொடிகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஊர், பழத்தை மட்டும் மினுமினுப்பைப் பார்த்தே வாங்குகிறது.

நோயாளிப் பழம் என்ற பட்டத்துக்கு ஒரு கணக்குப் போதும். 100 கிராமில் இனிப்பு ஆரஞ்சுக்குச் சுமார் 53 மில்லிகிராம் வைட்டமின் சி. மாண்டரினுக்குச் சுமார் 27. ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிப் போகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

எஞ்சுவது சுவை. கமலாவின் தரப்பில் ஓரளவு பலமாக நிற்பது இந்த ஒரு வாதம்தான். உரித்து வாயில் போட மாண்டரின் வசதி. அந்த வசதியையே சுவை என்று எண்ணிக்கொள்வது உண்ணுபவரின் சோம்பல். நாக்பூர்ப் பழம் இனிப்பும் புளிப்பும் சமமாக அமைந்தது, தோல் தளர்வு, சாறு தாராளம். ஆனால் லாரியேறிக் கோயம்பேட்டைத் தொட்டு ஆரணி சேர்வதற்குள் சில பழங்கள் உள்ளே காற்றடைத்த பந்தாகிவிடும். குடகுப் பழம் வாசனையில் மேல். நோயால் அங்கே தோட்டங்கள் குறைந்துபோனதால் கிடைப்பது அரிது. கொடைக்கானல் கீழ்மலைப் பழத்துக்கும் அதே கதை. மார்கழி, தை மாதங்களில் கமலா என்ற பெயரில் குவியும் பெரிய, அழுத்தமான நிறப் பழம் பெரும்பாலும் கின்னோ. அது பஞ்சாபின் பழம், பிறப்போ கலிபோர்னியா. கிங், வில்லோலீஃப் என்ற இரண்டு மாண்டரின்களைக் கலந்து எச். பி. ஃப்ராஸ்ட் உருவாக்கி, 1935இல் வெளியானது. சாறு பிரமாதம், சுளைக்குச் சுளை கொட்டை. கொட்டையைத் துப்பிக்கொண்டே சாத்துக்குடியில் கொட்டை அதிகம் என்று குறை சொல்பவர்களை ஊரில் எளிதாகப் பார்க்கலாம்.

இறக்குமதி நேவலுக்கு விதை இல்லை, உரிப்பதும் எளிது. பிரேசிலின் பாகியாவில் தோன்றி 1870இல் வாஷிங்டனுக்கும், அங்கிருந்து 1873இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடுக்கும் போன ரகம் அது. பிழிந்து வைத்தால் சற்று நேரத்தில் கசக்கும். லிமோனின் என்ற பொருளின் வேலை. சாத்துக்குடியையும் உடனே குடிப்பதுதான் நல்லது, ஆனால் நேவல் அளவுக்கு அது முகம் மாறுவதில்லை. சிவப்புச் சதை ஆரஞ்சுக்குச் சிவப்பு ஏற இரவுக் குளிர் வேண்டும்; சமவெளியில் வைத்தால் பெயரில் மட்டுமே ரத்தம் இருக்கும். மொசம்பிக்கும் சாத்துக்குடிக்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் தடவியே சொல்லலாம். மொசம்பியின் தோலில் நீளவாக்கில் வரிகள் ஓடும், அடியில் ஒரு வட்டம் பதிந்திருக்கும், சாறு புளிப்பின்றிச் சப்பென்றிருக்கும். சாத்துக்குடி வழவழப்பான உருண்டை. இனிப்புக்கு நடுவே நாக்கைத் தொடும் அளவுக்குப் புளிப்பு உண்டு. குறுக்கே வெட்டி, சிறிது உப்புத்தூள் தூவிச் சப்பிச் சாப்பிட்டவர்கள் அதைச் சாறாக மட்டும் நினைக்க மாட்டார்கள்.

கடைசியாக வீட்டு வளர்ப்பு. வைத்த வருஷமே காய்க்கும் என்ற வாக்குறுதியில் பாதி உண்மை இருக்கிறது. ஒட்டுச்செடியின் மொட்டு காய்க்கிற மரத்திலிருந்து எடுக்கப்படுவதால் இரண்டு காயோடு அது வண்டியிலேயே நிற்கும். அந்தக் காயை விட்டுவைத்தால் செடி வளராது. உருப்படியான காய்ப்பு நான்கைந்து வருஷத்துக்குப் பின்தான். தொட்டியில் கொத்துக் கொத்தாகப் பழத்தோடு நிற்கும் குட்டைச் செடியோ பல வேளைகளில் கலமாண்டின் என்ற சீன ஆரஞ்சு. ஊறுகாய்க்கும் அழகுக்கும் ஆகும், உரித்து வாயில் போட்டால் கண் சுருங்கும். நாக்பூர் ஒட்டு ஆரணியில் உயிரோடு இருக்காது என்று சொல்வதற்கில்லை. ஆனால் நாக்பூரின் குளிர்காலம் இங்கே இல்லாததால் நிறமும் கூர்மையும் அதே அளவில் வராது.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் மண்ணுக்கு அருகில் நடக்கிறது. ஆரஞ்சு மொட்டை ஜம்பேரி என்ற கரடு எலுமிச்சையின் வேர்ச்செடியில் ஒட்டுவார்கள். ஒட்டுக்குக் கீழே ஒரு தளிர் முட்டிக்கொண்டு வரும். நீண்ட முள்ளோடு விறுவிறுவென்று ஏறும். செடி பிடித்துக்கொண்டது என்று வீட்டார் மகிழ்ந்து நீர் ஊற்றுவார்கள். மேலே இருந்த ஆரஞ்சு மெலிந்து காய்ந்துபோகும். நான்காம் வருஷம் காய்ப்பது தடித்த தோலும் புளித்த சாறும் கொண்ட ஜம்பேரி. உடனே, சமவெளியில் கமலா புளித்துவிடும் என்று ஒரு சாட்சியம் தெருவுக்குக் கிடைத்துவிடுகிறது. மலைவாதத்தின் பாதி பலம் இப்படிப்பட்ட சாட்சியங்கள்தான். ஒட்டு தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தெரியும்படி நட்டு, அதற்குக் கீழே வருவதைக் கிள்ளிவிட்டால் இந்தக் கதையே எழாது.

சாத்துக்குடி ஒட்டுக்குத் தோட்டத்தில் 7 மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். புழக்கடையில் ஒரு மரத்துக்கு மேல் ஆசைப்படக் கூடாது. விதைக் கன்று முள்ளை நிறைய வைத்துக்கொண்டு ஏழெட்டு வருஷம் காக்க வைக்கும். பாவு நீட்டும் தெருவோரத்தில் அதை வைப்பவர் நூலைப் பற்றி யோசித்திருக்க மாட்டார். நீர் தேங்கக் கூடாது, அடிமரத்தை நனைக்கவும் கூடாது. நனைந்தால் பட்டை வெடித்துப் பிசின் வடியும். தண்டைச் சுற்றி மண்ணை அணைத்து, சற்றுத் தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டினால் போதும். நெசவாளர் வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. பட்டின் பசையெடுக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சிய நீரையும் சாயத்தொட்டி நீரையும் இந்த மரத்தடியில் கொட்டக் கூடாது. உப்பைத் தாங்காத இனம் இது; இலை நுனி கருகத் தொடங்கும். அதையும் தட்பவெப்பத்தின் தலையில் கட்டுவது வழக்கமாக இருக்கிறது.

இளந்தளிரில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. பக்கத்துக் கறிவேப்பிலையிலும் அதுவே மேயும், கையால் பொறுக்கிவிடலாம். நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இலை சிறுத்தால் துத்தநாகக் குறைவு. பூத்ததிலிருந்து எட்டு ஒன்பது மாதத்தில் காய் முற்றும். நிறத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும், தோல் இறுகி வழவழத்திருக்க வேண்டும், பச்சை லேசாக வெளுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஒரு பழத்தை வெட்டிச் சுவைத்துப் பார்த்துவிட்டு, மற்றவற்றைக் கத்தரியால் காம்போடு நறுக்கி எடுக்கலாம். இழுத்துப் பறித்தால் காம்படித் தோல் கிழிந்து அங்கிருந்தே அழுகும்.