கிளிப் அணிந்த பிள்ளைகட்கு

பல்வரிசை சீர்பெறக் கிளிப் அணிந்த பிள்ளைகள் முதற் சில நாட்கள் உண்ணவியலாது வருந்துவதையும், கழற்றிவிடுமாறு மன்றாடுவதையும் நம் இல்லங்களில் காண்கிறோம். அன்பர்களே, அதற்கிரங்கிச் சிகிச்சையை இடையில் நிறுத்தலாகாது. நகர்ந்த பற்கள் பழைய இடத்துக்கே திரும்ப முயலும். பல் நகர்வதால் எழும் அவ்வலி பெரும்பாலும் 1 வாரத்தில் தணியும். 1 தம்ளர் வெந்நீரில், பொறுக்கும் சூட்டில், அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிக்கச் செய்வோம். கன்னத்தில் உரசுமிடத்தை ஈரம் போகத் துடைத்து, மருத்துவர் தரும் மெழுகை உருட்டிப் பதிப்போம். குழைந்த தயிர்ச்சாதமும் கஞ்சியும் நன்று. ஊரிலிருந்து வரும் முறுக்கும் சீடையும் வேண்டா. கடித்தால் கிளிப் பெயரும். அவற்றைப் பிள்ளையின் முன் நாமும் உண்ணாதிருப்போம். கம்பி குத்தினாலோ, புண் ஆறாவிடினோ மருத்துவரை நாடுவோம்.