யார் இந்தக் கர்னல்?

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் 162 செ.மீ. உயர எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று உண்டு. ஒரெஸ்ட் கிப்ரென்ஸ்கி 1809-இல் தீட்டியது. சிவப்புச் சீருடை, மார்பு நிறையத் தங்கச் சரிகை, உடலை ஒட்டிய வெள்ளைக் கால்சட்டை. கல்திட்டில் சாய்ந்து ஒய்யாரமாக நிற்கிறார் குதிரைப்படைக் கர்னல். மீசை முறுக்கு சண்டைக்காரருடையது. எங்கோ பார்க்கும் கண்களோ கனவு காண்பவருடையவை.

இவரைக் கவிஞர் டெனிஸ் தவீதவ் என்றே ரஷ்யர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். காரணம் இருந்தது. 1812-இல் நெப்போலியன் படையைக் கொரில்லாத் தாக்குதலால் அலைக்கழித்தவர் அவர். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலில் வரும் தெனீசவ் பாத்திரத்துக்கு முன்மாதிரியும் அவரே. புகழ் பெற்ற ஓவியத்துக்குப் புகழ் பெற்ற பெயரை ஒட்டிவிட்டார்கள்.

ஓவியர் சொன்னது வேறு. 1831-இல் ஜார் முதலாம் நிக்கலஸுக்கு எழுதிய கடிதத்தில், கிப்ரென்ஸ்கி தம் படைப்புகளைப் பட்டியலிட்டார். அதில் தவீதவ் என்ற குடும்பப் பெயருக்கு முன்னால் இருந்த முதலெழுத்துகள் டெனிஸுக்குப் பொருந்தவில்லை. அவருடைய உறவினர் எவ்கிராஃப் விளாதிமிரவிச் தவீதவே படத்தில் இருப்பவர் என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு.

இந்த எவ்கிராஃபின் கதை என்ன? 1813 அக்டோபரில் லைப்சிக் போரில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்தார். 1823-இல் இறந்தார். கவிதை எழுதவில்லை, நாவலில் வரவில்லை. உடல் ஊனமுறுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் நின்ற மிடுக்கைக் காட்டும் இந்தப் படத்தையும் இன்னொருவர் கணக்கில் எழுதியது அநியாயம்தான்.

பிழை எவருக்கும் நேரும். அதைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு நகர்வதுதான் சரியில்லை. இப்படிப் பெயர் மாறிய ஓவியங்களின் அருகே பழைய பெயர், அது ஒட்டிக்கொண்ட விதம், திருத்திய ஆதாரம் மூன்றையும் அருங்காட்சியகங்கள் எழுதி வைக்க வேண்டும். பார்வையாளர் குழம்பிவிடுவார் என்பது சாக்கு.

அதே நகரத்தின் குளிர்கால அரண்மனையில் இதற்கு முன்னுதாரணமே இருக்கிறது. நெப்போலியனை எதிர்த்த தளபதிகளுக்காக 1826-இல் திறந்த ராணுவக் கூடத்தில் 300-க்கும் மேற்பட்ட உருவப்படங்கள் உள்ளன. உருவம் கிடைக்காத 13 பேருக்கு, பச்சைப் பட்டுத்துணி வைத்த வெற்றுச் சட்டங்களை மாட்டி, கீழே பெயரைப் பொறித்திருக்கிறார்கள். இல்லாத முகத்தை இல்லை என்று காட்ட அன்றே துணிந்திருக்கிறார்கள். மாறிப்போன பெயரைச் சொல்ல இன்று ஒரு சிறு அட்டை போதும்.