மோட்டார் ரூமுக்கு வந்த சி மொழி

"உனக்கெதுக்குப்பா இந்த வயசுல சி புரோகிராமிங்? போன்ல ஆப் இருக்கு, ரெடிமேட் பொட்டி கிடைக்குது, வாங்கி மாட்டினா வேலை முடிஞ்சுது." ஊரை விட்டு நகரத்துக்குப் போன என் நண்பர்கள் எல்லாரும் சொல்றது இதுதான். நீங்களும் அப்படித்தான் நினைப்பீங்க. ஆனா பொட்டி வாங்கி மாட்டின பிறகுதான் எங்களுக்கு வேலையே ஆரம்பிச்சுது.

எங்க டிரான்ஸ்பார்மர்ல பதினோரு கிணத்து மோட்டார் இருக்கு. மும்முனை கரண்ட் முறை வச்சுத்தான் வரும், பாதி நாள் ராத்திரியில. பாம்பு, பூரானுக்குப் பயந்துக்கிட்டு டார்ச்சோட வரப்புல நடக்க முடியாம, கரண்ட் வந்ததும் தானா மோட்டாரை எடுக்கிற ஆட்டோ ஸ்டார்ட்டர் பொட்டியை ஆளாளுக்கு வாங்கினோம். கம்பெனி பேரு வேண்டாம். எல்லாப் பொட்டியும் கரண்ட் வந்து இத்தனை செகண்ட் கழிச்சு மோட்டாரை எடுக்கும். அந்த "இத்தனை செகண்ட்" எல்லாத்துலயும் ஒண்ணு.

விளைவை நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒரு மோட்டார் எடுக்கும்போது, ஓடும்போது இழுக்கிறதை விட அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பதினொண்ணும் ஒரே நொடியில இழுத்தா வோல்டேஜ் படுத்துக்கும், ஸ்டார்ட்டர் 'தொபுக்'னு விழும், பொட்டி மறுபடி எடுக்கும், மறுபடி விழும். இப்படியே நாலு தடவை ஆச்சுன்னா காயில் கருகி, மோட்டாரைக் கழட்டி ரீவைண்டிங்குக்குத் தூக்கிட்டுப் போகணும். அது திரும்பி வர்ற வரைக்கும் மஞ்சளுக்குத் தண்ணி யார் கட்டுவாங்க?

"ஏம் மாப்ளே, உன்ற மோட்டாரு எடுத்ததும் என்றது விழுந்துருதே"ன்னு பக்கத்துத் தோட்டத்து மாமா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கு. ஆளுக்கொரு நேரம் பிரிச்சுக்கிட்டா தீர்ந்துச்சு. கம்பெனிக்குப் போன் போட்டேன். "அது ஃபேக்டரி செட்டிங் சார், மாத்த முடியாது" என்றார்கள். ஒரே ஒரு எண். அதை மாத்துற உரிமை தோட்டத்துக்காரன்கிட்ட இல்லை. என் கோபமெல்லாம் இந்த ஒரு இடத்துலதான். டிரான்ஸ்பார்மரை யாரோட பங்கு போடுறோம்னு எங்களுக்குத்தான் தெரியும், பொட்டி செஞ்சவருக்குத் தெரியாது.

அதுக்காகத்தான் சி கத்துக்கிட்டேன். என் கையில இருக்கிறது ஏடிமெகா 328பி என்கிற சில்லு. பசங்க பழகுற ஆர்டுயினோ ஊனோ பலகையில இருக்கிற அதே சில்லுதான். நிரலுக்கு 32 கேபி, ஓடும்போது கணக்குப் போட்டுக்க வெறும் 2 கேபி. நீங்க காலையில அனுப்புற 'குட் மார்னிங்' படம் இதுல ஏறாது. பைத்தானுக்கும் இடம் பத்தாது. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய சி மொழி இதுல தாராளமா ஓடுது.

சி கஷ்டம்னு சொல்றவங்க அதைக் கம்ப்யூட்டர் திரையில மட்டும் பார்த்தவங்க. போர்ட் பி என்பது எட்டு மடை உள்ள வாய்க்கால். ஒவ்வொரு பிட்டும் ஒரு மடை. முதல்ல திசை ரெஜிஸ்டர்ல, இந்த மடை வெளியே விடுறதா, உள்ளே வாங்குறதான்னு சொல்லணும். அப்புறம் மத்த ஏழையும் தொடாம ஒண்ணை மட்டும் திறக்கணும். அதுக்கு 'ஆர்'. ஒண்ணை மட்டும் அடைக்க 'ஆண்ட்'டும் 'நாட்'டும். தண்ணி கட்டத் தெரிஞ்சவனுக்கு இது ஒரு சாயங்கால வேலை. கல்லூரியில இதையே தியரம் மாதிரி போர்டுல எழுதிப் போட்டுப் பசங்களை ஓட விடுறாங்க.

மாமாவோட பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவங்க பொட்டிக்கு அவனே எழுதினான். பேச்சுப்படி என் மோட்டார் ஒரு நிமிஷத்துல, அவங்களது ரெண்டு நிமிஷத்துல எடுக்கணும். ஆனா முதல் நாளே அவங்களது எனக்கு ஆறு செகண்ட் முன்னாடி எடுத்துருச்சு! பையன் ஒரு ராத்திரி பூரா வயரைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்தான். கோளாறு வயர்ல இல்லை. ரெண்டு நிமிஷம்னா 1,20,000 மில்லிசெகண்ட். அதை அவன் 'அன்சைன்ட் இன்ட்'ல வச்சிருந்தான். இந்தச் சில்லுல அதுக்கு 16 பிட்தான், 65,535 வரைக்கும்தான் கொள்ளும். பழைய ஈபி மீட்டர் 99999-க்கு அப்புறம் மறுபடி சைபருக்கு வருமே, அந்த மாதிரி 65,536 கழிஞ்சு போய் மிச்சம் 54,464. அதாவது 54 செகண்ட். என் 60,000 உள்ளே அடங்கினதால எனக்குச் சரியா ஓடுச்சு. 'அன்சைன்ட் லாங்'னு மாத்தினதும் அவனுக்கும் தீர்ந்தது. அவன் கம்ப்யூட்டர்ல 'இன்ட்' 32 பிட். அங்கே ஓட்டிப் பார்த்திருந்தா இந்தத் தப்பு கண்ணுலயே பட்டிருக்காது. சின்ன சில்லுல படிக்கச் சொல்றது இதுக்குத்தான்.

இன்னொண்ணு, புத்தகத்தில் கடைசி அத்தியாயமா வர்ற வாட்ச்டாக். பெரிய காண்டாக்டர் அடிக்கும்போது கிளம்புற மின் இரைச்சல்ல சில்லு மரத்துப் போய் நின்னுரும். நிரல் குறிச்ச நேரத்துக்குள்ள "நான் இருக்கேன்"னு தட்டலைன்னா, வாட்ச்டாக் அதைத் திரும்ப ஆரம்பத்துல இருந்து ஓட விடும். மோட்டார் ரூம்ல இதுதான் முதல் அத்தியாயம்.

ஒரு எச்சரிக்கை. சில்லுக்கு 5 வோல்ட், மோட்டாருக்கு 415. நடுவுல ரிலே. 5 வோல்ட் பக்கம் எத்தனை தடவை வேணும்னாலும் தப்புப் பண்ணலாம், எல்இடி எரியாது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் வயர்மேன் மட்டும்தான் கை வைக்கணும். இதுல வீம்பு ஆகாது.

இப்போ எங்க லைன்ல நாலு பொட்டி எங்க நிரல்ல ஓடுது, நிமிஷத்துக்கு ஒண்ணா எடுக்குது. மீதி ஏழும் பழைய பொட்டிதான். அதுல மூணு பேர் மாத்தித் தரச் சொல்லியிருக்காங்க. நிரல்ல மாத்த வேண்டிய அந்த எண்ணை முதல் வரியிலேயே தனியா எழுதி, பக்கத்துல தமிழ்ல "இது உங்க கிணத்து நிமிஷம்"னு குறிப்பும் போட்டு வச்சிருக்கேன்.

உங்கள்ல கார், வாஷிங் மெஷின் கம்பெனிகள்ல சில்லுக்கு சி எழுதுறவங்க நிறைய பேர் இருக்கீங்க. லீவுக்கு ஊருக்கு வரும்போது பசங்களுக்கு ஆப் செய்யக் கத்துக் கொடுக்க வேண்டாம். ஒரு பலகை, ஒரு ரிலே, ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வாங்கிட்டு வாங்க. கிணத்துல தண்ணி வத்தினா மோட்டார் நிக்கணும். எங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிற வேலை அதுதான்.