உயிருக்குக் குத்தகை கேட்கும் மருந்துக் கம்பெனிகள்!

ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு இமாட்டினிப் என்று ஒரு மருந்து இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்கினால் நோய் அடங்கிக் கிடக்கும். நோயாளி எழுந்து நடமாடுவான், வேலைக்கும் போவான். இந்த மருந்தை ஸ்விட்சர்லாந்து தேசத்து நோவார்ட்டிஸ் கம்பெனி நம் நாட்டில் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்றது. அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் சுமார் 8,000 ரூபாய்க்கு விற்றன. எட்டாயிரத்துக்கு விற்றவனும் தர்மத்துக்கு விற்கவில்லை. லாபம் வைத்துத்தான் விற்றான்.

அப்படியானால் மீதி 1,12,000 ரூபாய் எதற்காக? மூலப்பொருளுக்கா? தொழிலாளியின் கூலிக்கா? இல்லை, தோழர்களே! சேற்றில் கால் வைக்காத மிராசுதார் களத்துமேட்டில் நின்று நெல்லை அளந்துகொண்டு போகிறானே, அதே குத்தகைதான் இது. நிலத்துக்குப் பட்டா இருப்பதுபோல மருந்துக்கும் ஒரு பட்டா. அதற்குப் பேட்டண்ட் என்று பெயர்.

நாள்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், இந்த விலையில் ஒரு மாத மருந்துக்கு 240 நாள் உழைக்க வேண்டும். எட்டு மாதம் சோறு தின்னாமல் உழைத்தால் ஒரு மாதம் உயிரோடு இருக்கலாம்!

வேட்டிக்கே பட்டா!

மில் தொழிலாளிக்கு இதை எளிதாகச் சொல்லலாம். வேட்டி நெய்ய ஒருவன் ஒரு புது முறை கண்டுபிடிக்கிறான். அந்த முறை அவனுக்குச் சொந்தம் என்றால், மற்றவர்கள் வேறு முறையில் நெய்துகொள்வார்கள். ஆனால் அவன், “முறை மட்டுமல்ல, வேட்டியே எனக்குச் சொந்தம், எந்தத் தறியில் எப்படி நெய்தாலும் குற்றம்” என்றால்? ஊரே கோவணத்தோடு நிற்க வேண்டியதுதான்.

வெள்ளையன் 1911-ல் போட்ட பேட்டண்ட் சட்டம் மருந்து விஷயத்தில் இதைத்தான் செய்தது. பலன் என்ன? 1959-ல் விசாரணை தொடங்கிய அமெரிக்க செனட்டின் கெபாவர் கமிட்டியே, மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று ஒப்புக்கொண்டது. அதே 1959-ல், சென்னை ஹைகோர்ட் நீதிபதியாயிருந்த ராஜகோபால அய்யங்கார் தமது அறிக்கையை அளித்தார். இந்தியாவில் உள்ள பேட்டண்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அந்நியர் கையில். அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே வரவில்லை என்று அவர் அம்பலப்படுத்தினார். தானும் உழ மாட்டான், பிறரையும் உழ விட மாட்டான். தரிசு போட்டுக் காவல் காப்பான்!

அந்த அறிக்கை சட்டமாவதற்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. 1970-ல் நிறைவேறி, 1972-ல் அமலுக்கு வந்த புதிய சட்டம் மருந்துப் பொருளுக்குப் பேட்டண்ட் இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு, அதுவும் அதிகபட்சம் ஏழு ஆண்டு என்று விதித்தது. வேலி உடைந்தது. வேறு வழியில் மருந்து தயாரிக்க நம் விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் கற்றுக்கொண்டார்கள். விலை சரிந்தது. இந்திய மருந்து ஏழை நாடுகளுக்கெல்லாம் கப்பலேறியது.

ஆப்பிரிக்காவில் நடந்தது

இந்த வேலி உடைந்ததால் எத்தனை உயிர் பிழைத்தது என்பதற்கு ஆப்பிரிக்கா சாட்சி. எய்ட்ஸ் நோய் அங்கே கிராமம் கிராமமாக மக்களைக் கொண்டுபோனது. நோயை அடக்க மருந்து இருந்தது. விலை ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல்! மலிவாக மருந்து வாங்க தென்னாப்பிரிக்காவில் மண்டேலா சர்க்கார் 1997-ல் சட்டம் போட்டது. உடனே மருந்துக் கம்பெனிகள் கூட்டாகக் கோர்ட்டுக்கு ஓடின. ஒன்றல்ல, இரண்டல்ல, 39 கம்பெனிகள்! நோயாளிகள் செத்துக்கொண்டிருக்க, அவர்கள் சொத்துரிமை பேசினார்கள்.

2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா கம்பெனி அதே மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. சிப்லாவும் முதலாளிக் கம்பெனிதான். அதைப் புண்ணியவானாக்க வேண்டியதில்லை. 1970 சட்டம் திறந்த கதவு வழியாகத்தான் அது வந்தது. தென்னாப்பிரிக்க மக்கள் தெருவில் இறங்கினார்கள். உலகமே காறித் துப்பியது. 2001 ஏப்ரலில் 39 கம்பெனிகளும் வழக்கைச் சுருட்டிக்கொண்டு ஓடின.

மீண்டும் வேலி

ஆனால் 1995-ல் உலக வர்த்தக அமைப்பு என்ற பெயரில் பணக்கார நாடுகள் பழைய வேலியைத் திரும்ப நட்டன. மருந்துப் பொருளுக்கே 20 ஆண்டு பேட்டண்ட்! 2005-ல் இந்தியாவும் அதற்குப் பணிந்து சட்டத்தைத் திருத்தியது. அப்போது பார்லிமெண்டில் இடதுசாரிகளும் வெளியே மக்கள் இயக்கங்களும் போராடிச் சில காப்புகளைச் சேர்க்க வைத்தார்கள். அவற்றில் ஒன்று 3(டி) பிரிவு. பழைய மருந்துக்குப் புதுச் சட்டை மாட்டிக் கொண்டுவந்தால் பேட்டண்ட் கிடையாது. நோயைத் தீர்க்கும் சக்தி கூடியதென்று நிரூபித்தாக வேண்டும்.

நோவார்ட்டிஸ் முட்டிக்கொண்டது இந்தப் பிரிவில்தான். பழைய மருந்தின் ஒரு புதுப் படிக வடிவத்துக்கு அது 1998-ல் சென்னையில் மனுப் போட்டிருந்தது. புற்றுநோயாளிகளின் சங்கம் எதிர்த்தது. 2006-ல் சென்னை பேட்டண்ட் ஆபீஸ் மனுவைத் தள்ளியது. சட்டப் பிரிவே செல்லாது என்று கம்பெனி வாதாடியது. 2007-ல் சென்னை ஹைகோர்ட் அதை ஏற்க மறுத்தது. 2013 ஏப்ரல் 1-ல் சுப்ரீம் கோர்ட்டும் கதவைச் சாத்தியது.

முதலைக் கண்ணீர்

“பேட்டண்ட் இல்லாவிட்டால் ஆராய்ச்சி செய்பவர் யார்?” என்று கம்பெனிகள் கண்ணீர் விடுகின்றன. நீரிழிவு நோயாளிகளின் உயிர் காக்கும் இன்சுலினுக்கு உரிய பேட்டண்டை, அதைக் கண்டவர்கள் 1923-ல் டொராண்டோ சர்வகலாசாலைக்குத் தலைக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். இமாட்டினிப் பிறப்பதற்கே அடிப்படையான குரோமோசோம் கோளாறை 1960-ல் பிலடெல்பியாவில் கண்டவர்களும் கம்பெனிக்காரர்கள் அல்ல. ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள். பலர் கூடி உழுது விதைத்த வயலில், கடைசியாக அறுத்தவன் முழு விளைச்சலுக்கும் உரிமை கேட்பதா?

“ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறோமே” என்றும் நோவார்ட்டிஸ் சொல்லிற்று. பண்ணையார்கூடப் பொங்கலுக்கு வேட்டி கொடுப்பார். அதற்காகக் கூலி உயர்வைக் கேட்காமல் இருந்தோமா? அவர் இஷ்டப்பட்டால் கொடுப்பார், கோபம் வந்தால் நிறுத்துவார். நமக்கு வேண்டியது பிச்சையல்ல, உரிமை.

உறையில் கிடக்கும் ஆயுதம்

சர்க்கார் கையில் ஆயுதம் இல்லையா? இருக்கிறது. கட்டாய லைசென்ஸ் என்பது அதன் பெயர். பேட்டண்ட் வைத்திருப்பவன் கொள்ளை விலை கேட்டால், மற்றவர் தயாரிக்கச் சர்க்கார் அனுமதிக்கலாம். 2012-ல் பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்து நெக்ஸாவருக்கு இப்படி லைசென்ஸ் கொடுத்தார்கள். மாதத்துக்கு 2,80,000 ரூபாயாக இருந்த மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது! அந்த வாளை அதன்பின் ஏன் உறையிலேயே வைத்திருக்கிறார்கள்? யாருக்குப் பயம்?

பயத்தோடு நிற்கவில்லை. சோவியத் உதவியுடன் உருவான ஐ.டி.பி.எல். மருந்துத் தொழிற்சாலைகளை மூடுவதென்று 2016-ல் மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது. 2024-ல் விதிகளைத் திருத்தி, பேட்டண்ட் கொடுக்குமுன் ஆட்சேபம் எழுப்ப நோயாளிகள் சங்கமும் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். புற்றுநோயாளிகள் எந்த வழியாக வந்து நோவார்ட்டிஸை மறித்தார்களோ, அந்த வழியிலேயே முள்ளைப் போடுகிறார்கள்!

தோழர்களே! எட்டாயிரம் ரூபாய்கூட விவசாயக் கூலிக்குப் பெரும் சுமைதான். ஆகவே விலை குறைந்தது போதும் என்று நாம் உட்கார முடியாது. 3(டி) பிரிவில் கை வைக்காதே! கட்டாய லைசென்ஸைப் பயன்படுத்து! பொதுத்துறை மருந்து ஆலைகளுக்கு உயிர் கொடு! சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்தை இலவசமாகக் கொடு! இந்தக் கோரிக்கைகளை மில் வாசலிலும் வயல் வரப்பிலும் சங்கக் கூட்டத்திலும் எழுப்புங்கள். நிலத்தின் வேலியை உடைக்கக் கற்ற கைகளுக்கு மருந்தின் வேலி பெரிதல்ல!