விட மனமில்லாத கார்

மட்டாஞ்சேரி யூதர் தெருவில் பழசுக்குத்தான் மவுசு. பித்தளை உருளி, மரப் பெட்டி, ஓடாத சுவர்க் கடிகாரம், எந்த வீட்டிலிருந்தோ கழற்றி வந்த தேக்குக் கதவு என்று எதைத் தொட்டாலும், வயது கூடக்கூட கடைக்காரர் சொல்லும் தொகையும் கூடும். தெருக்கோடியில் 1568ல் கட்டிய யூதர் ஜெபக்கூடம். அதையொட்டி, போர்ச்சுகீசியர் கட்டி டச்சுக்காரர்கள் செப்பனிட்ட அரண்மனை. நூறு வருடப் பழசு என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கார் விஷயத்தில் மட்டும் கணக்கு தலைகீழ். மிளகும் சுக்கும் மணக்கும் பஜார் ரோட்டின் கிடங்குகளைத் தாண்டி, மட்டாஞ்சேரி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால் 15 வயதுக் காருக்கே கிழட்டுப் பட்டம். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமென்றால் எஃப்.சி. காட்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். இந்த அலுவலகத்தில் பதிவாகும் வண்டிகளுக்கு கே.எல். 43 என்று எண். இந்த அலுவலகம் வருவதற்கு முன்பே வாங்கிய கார்களில் எர்ணாகுளத்தின் கே.எல். 7 இருக்கும். அப்படியொரு பலகையோடு இன்னும் ஓடுகிற கார் என்றால், அதை விட மனமில்லாத ஒருவர் பின்னால் இருக்கிறார் என்று அர்த்தம்.

கார் பிரியர்களில் இரண்டு ரகம். புது மாடல் வந்ததும் தாவுகிறவர்கள் ஒரு ரகம். ஒரே மாடலோடு கடைசிவரை குடித்தனம் நடத்துகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்துக்கு இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் டெல்லிக்காரரான ஹர்பால் சிங்.

1983ல் மாருதி 800க்கு முன்பதிவு தொடங்கியபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். குலுக்கலில் முதல் அதிர்ஷ்டம் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியரான ஹர்பால் சிங்குக்கு. சஞ்சய் காந்தியின் பிறந்த நாளான டிசம்பர் 14 அன்று, பிரதமர் இந்திரா காந்தியே சாவியைக் கொடுத்தார். விலை 50,000 ரூபாயை ஒட்டி. அதன் பிறகு எத்தனையோ மாடல்கள் வந்தன. ஹர்பால் சிங் அசையவில்லை. 2010ல் இறக்கும்வரை, 27 வருடங்கள், அந்தக் காரை விற்கவில்லை. அவர் போன பிறகு கார் வீட்டு வாசலில் நின்று துருப்பிடித்தது.

இந்தக் கட்சியில் ஒரு பிரதமரும் உண்டு. மன்மோகன் சிங் 2013ல் மாநிலங்களவைத் தேர்தலுக்காகத் தாக்கல் செய்த சொத்துக் கணக்கில் காட்டிய கார், 1996ம் வருட மாருதி 800. குண்டு துளைக்காத பி.எம்.டபிள்யூ.வில் போகவேண்டிய பதவி. ஆனால் தன்னுடைய கார் அந்த 800தான் என்று அவர் சொல்வாராம். 2024 டிசம்பரில் அவர் மறைந்தபோது இதை நினைவுகூர்ந்தவர், ஒரு காலத்தில் அவருடைய பாதுகாப்புப் படையில் இருந்து பிறகு உத்தரப்பிரதேசத்தில் அமைச்சரான அசீம் அருண்.

இந்தப் பிடிவாதம் வெறும் பாசத்தால் வந்ததா? பாதிதான் அப்படி. மீதிக்குக் காரணம் வண்டியின் அமைப்பு. மாருதி 800ன் நீளம் 3.3 மீட்டர். அம்பாசிடரைவிட ஒரு மீட்டர் குறைவு. மட்டாஞ்சேரி மாதிரி, எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தாலே மூச்சு முட்டுகிற சந்துகளில் அந்த ஒரு மீட்டரின் அருமை தெரியும். 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். பழைய வண்டிகளில் கார்புரேட்டர். கோளாறு என்றால் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்க வேண்டியதில்லை. காதால் கேட்டு, ஸ்க்ரூ டிரைவரால் திருகி, தெருமுனைப் பட்டறையிலேயே சரிசெய்யலாம். 2014 ஜனவரியில் 800ன் உற்பத்தி நின்ற பிறகும், அதே எஞ்சின் ஆம்னி வேனில் 2019 வரை தொடர்ந்தது. அதனால் உதிரி பாகத்துக்குப் பஞ்சம் வரவில்லை.

சொல்லப்போனால், ஒரு மாடலிடம் காட்டுகிற விசுவாசம் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுகிற விசுவாசமும்தான். கடலும் காயலும் சூழ்ந்த கொச்சியில் காரின் முதல் எதிரி துரு. வருடா வருடம் அடிப்பாகத்தைக் கழுவி, ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி ஒட்டி, டிங்கரிங், பெயின்டிங் செய்து கொடுக்க ஆள் இருக்கும்வரைதான் கார் இருக்கும். பட்டறைக்காரர் கடையை மூடிவிட்டால் சொந்தக்காரரின் உறுதியும் ஆட்டம் காணும்.

இந்த உறவைக் கேரளத்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் வெளியாகி வசூலைக் குவித்த ‘துடரும்’ படத்தில் மோகன்லால் ஒரு டாக்ஸி டிரைவர். பெயர் சண்முகம். அவருடைய உயிர் ஒரு கறுப்பு அம்பாசிடரில் இருக்கிறது. பட்டறைக்குப் போன கார் போலீஸ் கையில் சிக்குவதில்தான் கதையே சூடு பிடிக்கிறது. தமிழில் இதற்கு முன்பே, 2014ல் ‘பண்ணையாரும் பத்மினியும்’ வந்துவிட்டது. அங்கே ஒரு பிரீமியர் பத்மினி மீது ஊர்ப் பெரியவருக்குப் பிரியம். இரண்டு படங்களிலும் காரை விற்றுவிட்டுப் புதிது வாங்கு என்கிற யோசனை யாருக்கும் நியாயமாகப் படுவதில்லை.

திரைக்கு வெளியே சட்டம் அப்படி நினைப்பதில்லை. 15 வருடத்தைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கியது. 2025 ஆகஸ்டில், 20 வருடத்தைத் தாண்டிய கார்களுக்கு 10,000 என்றது. 1996ல் வாங்கிய ஒரு 800 கொச்சியில் இருந்தால் அதன் சொந்தக்காரர் 2021ல் 600 ரூபாய் கட்டியிருப்பார். 2026ல் அதே காருக்கு, அதே காகிதத்துக்கு, 10,000. இதற்கிடையில் கேரள அரசும் 2025 பட்ஜெட்டில் 15 வருடத்தைத் தாண்டிய சொந்த வண்டிகளுக்கு வரியை 50 சதவீதம் ஏற்றியது.

பழமைக்குச் சலுகையே இல்லையா என்றால், இருக்கிறது. 2021ல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் நிறைந்த, அசல் அமைப்பு மாறாத வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அதில் ஏறி அன்றாடம் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல், பழுது பார்ப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். ஹர்பால் சிங்கின் காரோடு பிறந்த முதல் மாருதிகளுக்கே இந்த அந்தஸ்து 2033 டிசம்பரில்தான் கிடைக்கும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருக்கிற 35 வருடங்களில் கார் புதிதும் இல்லை, பொக்கிஷமும் இல்லை. ஒரே மாடலோடு வாழ்கிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

அரசுத் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. புதிய பெட்ரோல் கார்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் 1995ல்தான், அதுவும் முதலில் நான்கு பெருநகரங்களில் மட்டும், கட்டாயமானது. அதற்கு முந்தைய கார் விடுகிற புகையை 2020க்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் 6 காரின் புகையோடு ஒப்பிடவே முடியாது. 800ல் ஏர்பேக் கிடையாது. மோதினால் தாங்குகிற உடம்பும் கிடையாது. பாசம் சுவாசத்துக்கு மருந்தாகாது.

ஆனால் வயதை மட்டும் பார்க்கிற சட்டம் இரண்டு பேரை ஒரே தட்டில் வைக்கிறது. மாதம் 200 கிலோமீட்டர் ஓட்டி, எண்ணெய் மாற்றி, புகைச் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பவருக்கும், கரும்புகை கக்கியபடி தினமும் ஓட்டுகிறவருக்கும் ஒரே கட்டணம். டெல்லியில் இது உச்சத்துக்குப் போனது. 2025 ஜூலை 1 முதல், வயதான வண்டிகளுக்கு பங்க்கில் பெட்ரோலே கிடையாது என்று உத்தரவு வந்தது. மக்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

இதைவிட நேரான வழி ஒன்று உண்டு. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு சடங்காக எஃப்.சி. காட்டுவதை விட்டு, வருடா வருடம் இயந்திரத்தை வைத்துக் கடுமையாகச் சோதிக்கலாம். புகை, பிரேக், அடிப்பாகத் துரு மூன்றிலும் தேறினால் குறைந்த கட்டணம். தேறாவிட்டால் அது மூன்று வயதுக் கார் என்றாலும் ரோட்டுக்கு வரக்கூடாது. உண்மையிலேயே காரை நேசிக்கிறவர்கள் இந்தச் சோதனைக்கு அஞ்சமாட்டார்கள். பாதிப்பேர் அதை ஏற்கெனவே வீட்டு வாசலில் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அம்பாசிடரின் உற்பத்தியும் 800 நின்ற அதே 2014ல், மே மாதம் நின்றது. மூன்று வருடம் கழித்து அந்தப் பெயரை மட்டும் பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு 80 கோடி. அந்தப் பெயரைத் தாங்கி ஓடிய கார்களில் பலவற்றுக்குக் கிடைத்தது காயலான் கடையின் எடைக்கு எடை விலை.

வாசலில் துருப்பிடித்த ஹர்பால் சிங்கின் 800 என்ன ஆயிற்று? மாருதி நிறுவனம் அதைச் சீர்செய்து, 2022ல் தன் தலைமையகத்தில் பார்வைக்கு வைத்தது. இப்போது பளபளவென்று இருக்கிறது. டெல்லி ரோட்டில் ஓட்டத்தான் அனுமதி இல்லை. மட்டாஞ்சேரிக் கடைக்காரர்களுக்கு இது ஆச்சரியம் தராது. அவர்களுடைய கடிகாரங்களும் ஓடுவதை நிறுத்திய பிறகுதான் விலை போகின்றன.