பட்டுக்கு உறை உண்டு, ஓட்டுகிறவருக்கு?

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால் காஞ்சிபுரத்தின் எந்தத் தெருவிலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருகிறார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. தலையில் ஜவுளிக்கடைப் பையைக் கவிழ்த்திருக்கிறார். பெட்ரோல் டாங்கின்மேல் வைத்திருக்கும் பொட்டலம் மட்டும் இரண்டு மூன்று பிளாஸ்டிக் உறைகளுக்குள் பத்திரமாக இருக்கிறது. உள்ளே இருப்பது பட்டுச் சேலை. பிள்ளையார்பாளையத்திலிருந்தோ, ஓரிக்கையிலிருந்தோ, ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கமிருந்தோ அது புறப்பட்டிருக்கும். காந்தி ரோட்டுக் கடைக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ போய்ச் சேரவேண்டும்.

இதைப் பார்த்து நகைப்பவர்கள் உண்டு. நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. கோர்வைச் சேலை ஒன்றை நெய்து இறக்க, தறியில் ஒருவரும், கரைக்கு நாடா தள்ளிக்கொடுக்கத் துணையாக ஒருவருமாக, இரண்டு பேர் பத்துப் பதினைந்து நாள் உழைக்கவேண்டும். அதில் நாலு சொட்டு மழைநீர் பட்டுக் கறை விழுந்தால் கூலியில் பிடித்தம் வருமோ, சேலையையே தம் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயம். உடம்பு நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். பட்டு நனைந்தால் துவட்ட முடியுமா? நெசவாளியின் கணக்கு இதுதான்.

ஆனால், இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. மழையில் வண்டி சறுக்கினால் நனைவதோடு போகாது. கையோ காலோ முறியும். குழித்தறியில் மிதியை மிதிப்பது கால். நாடாவை ஓட்டுவது கை. இரண்டில் ஒன்று போனாலும் தறி நின்றுவிடும். தறி நின்றால் அந்த வீட்டில் உலை கொதிப்பது எப்படி?

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டியது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. மொத்தம் 64,105 விபத்துக்கள். எதில் முதலிடம் கிடைத்தாலும் பெருமைப்படும் வழக்கம் உண்டு. இந்த முதலிடத்தை யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டால் நல்லது.

காஞ்சிபுரம் மாவட்டம் பட்டுக்கு மட்டும் பெயர்பெற்றதாக இருந்த காலம் போய்விட்டது. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனி திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்துவந்தது. அதன் புதிய தொழிற்சாலைகள் 2013இல் ஒரகடத்திலும், பிறகு வல்லம் வடகாலிலும் எழுந்தன. யமஹா கம்பெனியின் தொழிற்சாலையும் வல்லம் வடகாலில் இருக்கிறது. ஆக, சேலை நெய்யும் இதே மாவட்டம் இன்று உலகச் சந்தைக்கு மோட்டார் சைக்கிளும் செய்து அனுப்புகிறது. இரவு ஷிப்டு முடிந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து பொன்னேரிக்கரை வழியாக மழையில் வீடு திரும்பும் தொழிலாளர்களும் ஏராளம். லாரிகள் வாரியடிக்கும் சேற்றுநீர் கண்ணை மறைக்க, அவர்கள் நெடுஞ்சாலையில் படும் பாடு தனிக் கதை.

மழையில் வண்டி ஏன் சறுக்குகிறது? டயருக்கும் தாருக்கும் உள்ள பிடிப்பைத் தண்ணீர் குறைத்துவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாதது, முதல் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் பெரிய அபாயம் என்பது. பல நாளாகச் சாலையில் சொட்டிய எண்ணெயும் படிந்த புழுதியும் முதல் தூறலில் குழைந்து வழுக்குப் பசையாகிவிடும். கொட்டும் மழை பிறகு அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆனால் ஜனங்கள் செய்வது நேர்மாறு. தூறல் விழுந்தவுடன், பெருமழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாமென்று வேகத்தைக் கூட்டுகிறார்கள். கொட்டத் தொடங்கியபின் கடை வாசலில் ஒதுங்குகிறார்கள். ஒதுங்க வேண்டியது தூறலில்தான்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரே விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். 60 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 17 மீட்டர். முன்னால் ஆட்டோ நின்றதைக் கண்டு பிரேக்கில் கை வைப்பதற்கே ஒரு விநாடி ஆகிவிடும். ஈரச் சாலையில் பிரேக் பிடித்தபின்னும் வண்டி நிற்க வழக்கத்தைவிட அதிக தூரம் வேண்டும். ஆகவே திடீரென்று அழுத்துவதும், வளைவில் சாய்ந்தபடி அழுத்துவதும் விழுவதற்கு வழி. நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, மெல்ல மெல்லப் பிடிக்கவேண்டும். வெள்ளைக் கோடும், சாக்கடை மூடியின் இரும்பும், கோயில் தெருக்களில் பதித்த கல்லும் மழையில் சோப்பு மாதிரி. அவற்றின்மேல் வண்டியைத் திருப்பக் கூடாது.

125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் வேண்டும் என்று 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நெசவாளர் தெருக்களில் ஓடுகிற மொபெட்டுகளும் பழைய சிறு வண்டிகளும் அந்த வசதி இல்லாதவை. அவற்றுக்கு ஓட்டுகிறவரின் கையே ஏ.பி.எஸ். தேய்ந்து வழுவழுத்த டயரோடு ஓட்டினால் அந்தக் கையாலும் பயனில்லை. மழைக்காலத்தில் டயரில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைக் கேட்கவேண்டாம். காற்று குறைந்த டயர் தண்ணீரைச் சரியாக ஒதுக்காது.

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். மழை நின்றபின் தெருவில் தேங்கிய தண்ணீர் அப்படிப்பட்டதுதான். அடியில் பள்ளம் எங்கே என்பது தெரியாது. தண்ணீரைத் தாண்டி வந்ததும் பழைய மாதிரி டிரம் பிரேக் சற்றுநேரம் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடியே லேசாக அழுத்தி அழுத்தி விட்டால் ஈரம் உலரும். 2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது தரைப்பாலங்கள் மூழ்கின. ஓடும் தண்ணீருக்குக் குறுக்கே வண்டியை விடுவது தைரியமாகாது.

பின்னால் உட்காருபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடையை விரித்துப் பிடித்தால் அது படகுக்குப் பாய் கட்டியதுபோல் காற்றில் இழுக்கும். புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காதிருக்கப் பின்சக்கரத்துக்கு மறைப்பு வேண்டுமென்று மோட்டார் வாகன விதிகளே சொல்லுகின்றன. அழகுக்காக அதைக் கழற்றி எறிகிறவர்கள் பட்டுச் சேலை ஊரிலும் இருக்கிறார்கள்! ஹெல்மெட்டோ, ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் சட்டப்படி கட்டாயம். கண்ணாடியில் புகை படிகிறதென்று அதைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொள்வதால் தலைக்குப் பயன் இல்லை.

இவ்வளவையும் நெசவாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது சுலபம். அவர் ஏன் அந்த மழையில் புறப்பட்டார் என்று கேட்கவேண்டாமா?

மழைக்காலத்தில் தறி வேலையே மந்தம். தறிக்குழியில் ஈரம் ஊறும். சில வீடுகளில் தண்ணீரே நிற்கும். பட்டு இழை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் பாவின் விறைப்பு மாறிவிடும். தெருவில் பாவை நீட்டிச் செய்யும் வேலைக்கு வெயில் வேண்டும். வெயிலுக்கு எங்கே போவது? பதினைந்து நாளில் முடியவேண்டிய சேலை இருபது நாளைத் தொடும். ஆனால் முகூர்த்த நாள் மழைக்காகத் தள்ளிப்போவதில்லை. தீபாவளியும் ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணங்களும் இந்த அடைமழைக்குள்தான் வருகின்றன. தைக் கல்யாணத்துக்கு வேண்டிய சேலைகளும் இதே மாதங்களில்தான் தறியில் ஏறுகின்றன. "இன்றைக்கே வேண்டும்" என்று கடையிலிருந்து செல்போன் வருகிறது. தறியில் இழந்த நாளைச் சாலையில் பிடிக்கப் பார்க்கிறார் நெசவாளி. அவருடைய அவசரம் அவர் வீட்டில் பிறந்ததன்று. கல்லாவில் பிறந்து, செல்போன் வழியாக வந்தது.

இதற்குப் பரிகாரம் பெரிய செலவில்லாதது. மழை பெய்யும் நாளில் சேலை ஒருநாள் தாமதமாக வந்தால் பேச்சும் இல்லை, பிடித்தமும் இல்லை என்று சங்கங்களும் முதலாளிகளும் இந்த இரண்டு மாதத்துக்கு அறிவித்துவிடலாம். கிராமங்களில் இருபது பேர் இருபது வண்டிகளில் வருவதைவிட, வாரம் இருமுறை கடையின் வேனே போய்ச் சேலைகளை வாங்கிக்கொண்டு, பட்டும் ஜரிகையும் கொடுத்துவிட்டு வரலாம். வாடிக்கைக்காரரிடம் தேதி சொல்லும்போதே மழைக்கென்று நாலு நாள் கூட்டிச் சொல்வதில் கடைக்கு என்ன நஷ்டம்? கல்யாண வீட்டாரும் ஆவணியிலேயே சேலைக்குச் சொல்லிவிட்டால் கார்த்திகையில் அலையவேண்டியதில்லை.

2021இல் காஞ்சிபுரம் மாநகராட்சியாக உயர்ந்தது. பெயர்ப் பலகை மாறியது போதாது. தெருப் பள்ளமும் மாறவேண்டும். குழாய்க்கும் சாக்கடைக்கும் தோண்டும் வேலைகளைப் புரட்டாசிக்குள் முடித்து மேலே தார் போட்டுவிடவேண்டும். முடியாத இடத்தில், தண்ணீர் மூடினாலும் கண்ணுக்குத் தெரியும்படி உயரமாகத் தடுப்பு கட்டி, இரவில் சிவப்பு விளக்கு வைக்கவேண்டும். ஒரு கம்பில் கிழிந்த சாக்கைக் கட்டி நட்டுவைக்கும் வேலையை ஜனங்களே இப்போது செய்துகொள்கிறார்கள். அதற்கு மாநகராட்சி தேவையில்லை.