மனநோயாளிக்கு மானம் வேண்டாமா?

நம் ஜனங்களில் ஒருவனுக்குக் காலில் புண் வந்தால் மருந்து வைத்துக் கட்டுகிறார்கள். கண்ணில் பூ விழுந்தால் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். மனதில் நோய் கண்டுவிட்டால் மாத்திரம் அதை நோய் என்றே ஒப்புக்கொள்வதில்லை. பேய் பிடித்துவிட்டது என்றும், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றும், முன் ஜென்மத்துப் பாவம் என்றும் சொல்லி, வேப்பிலை அடிக்கவும், மந்திரித்துக் கயிறு கட்டவும், அதிலும் தீராவிட்டால் சங்கிலி போடவும் புறப்பட்டுவிடுகிறார்கள். இதனால் பணம் பாழாவதும், காலம் பாழாவதும், நோய் முற்றிப்போவதும் யாவரும் அறிந்ததே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்தி, நோய் கண்ட அன்றைக்கே அவனிடமிருந்து பறிக்கப்படுவது ஒன்று உண்டு. அதுதான் அவனுடைய பெயர். நேற்று வரையில் மேஸ்திரியாகவும், வாத்தியாராகவும், மாமாவாகவும், அத்தையாகவும் இருந்தவர்கள் இன்று முதல் வெறும் "பைத்தியம்" ஆகிவிடுகிறார்கள். இந்தப் பெயர்ப் பறிப்பைப் பற்றித்தான் இன்று நாம் சில வார்த்தைகள் எழுத வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் தோழர் ஒருவர் கூப்பிட்டதன் பேரில், மனநோயிலிருந்து தேறி வருகிறவர்கள் கூடி வாழும் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தோம். ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய இருபது பேர் இருக்கிறார்கள். காலையில் மாத்திரை சாப்பிட்டுவிட்டுச் சிலர் காய் நறுக்குகிறார்கள். சிலர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். ஒருவர் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து கணக்கு எழுதி வைக்கிறார். அங்கே யார் நோயாளி, யார் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் என்று வெளியிலிருந்து போகிறவனுக்குக் கண்டுபிடிக்கவே சற்று நேரம் பிடிக்கும். நாமே ஒரு நோயாளியை மானேஜர் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டோம். அவர் சிரித்துக்கொண்டே நம்மை உட்காரச் சொல்லி டீ கொண்டுவந்து கொடுத்தார்.

நாம் போன அன்று அங்கே ஒரு நினைவுக் கூட்டம். பதினோரு வருஷமாக அந்த இல்லத்தில் இருந்த பெரியவர் ஒருவர் முந்தின வாரம் மாரடைப்பில் இறந்து போயிருந்தார். ஐயரும் இல்லை, ஓமமும் இல்லை. ஒரு போட்டோ படமும் கொஞ்சம் பூவுந்தான். ஒவ்வொருவராக எழுந்து அவரைப் பற்றித் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். தெருவிலிருந்து அழைத்து வந்த பிறகு பல மாதம் அவர் வாயைத் திறக்கவில்லையாம். பெயர் தெரியாததால் "பெரியவர்" என்றே கூப்பிட்டு வந்தார்களாம். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது தம் பெயரையும், ஊரையும், தாம் தறி நெய்தவர் என்பதையும் தாமாகவே சொன்னாராம். அவர் போடும் டீயில் சர்க்கரையே இருக்காது என்று ஒருவர் குறை சொன்னார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் இறந்த செய்தியைத் தம்பிக்குப் போனில் சொன்னதற்கு, "எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்ததாம். ஆகவே அவரோடு கூடச் சமைத்தவர்களே அவரைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

கூட்டம் முடிகிற சமயத்தில் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, இல்லத்தை நடத்துகிற அம்மாளைப் பார்த்து, "நான் செத்துப் போனாலும் இந்த மாதிரி எல்லாரும் உட்கார்ந்து என்னைப் பத்திப் பேசுவீங்களா அக்கா?" என்று கேட்டார். "பேசுவோம், உன் பெயரைச் சொல்லித்தான் பேசுவோம்" என்று அந்த அம்மாள் பதில் சொன்னார். "சரி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கேள்வி நம் காதை விட்டு இன்னும் போகவில்லை.

செத்தவரை நினைக்கிறது பகுத்தறிவா, இதுவும் ஒருவிதத் திதிதானே என்று சில தோழர்கள் நம்மைக் கேட்கக்கூடும். கேட்க வேண்டியதுதான். திதியை நாம் ஏன் கண்டிக்கிறோம்? இங்கே கொடுக்கும் அரிசியும் வாழைக்காயும் செத்தவனுக்குப் போய்ச் சேருகிறது என்கிற பொய்க்காகவும், அந்தப் பொய்யின் பேரால் ஒரு கூட்டம் வயிறு வளர்ப்பதற்காகவும் கண்டிக்கிறோமே ஒழிய, கூட இருந்தவனை மறக்காமல் இருப்பதற்காகக் கண்டிக்கவில்லை. நினைவுக் கூட்டத்தால் செத்தவருக்கு ஒரு காசு லாபமில்லை. லாபமெல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். "நம்மோடு இருந்தவர் செத்தபோது அவரைக் குப்பையாக வாரிப் போட்டுவிடவில்லை, ஆகவே நாமும் குப்பை அல்ல" என்பதை அவர்கள் கண்ணாரப் பார்க்கிறார்கள். நோயினாலும், அதைவிட அதிகமாக ஊராருடைய ஏச்சினாலும் தன் மதிப்பை இழந்துபோன ஒருவருக்கு இந்த எண்ணம் மாத்திரைக்கு அடுத்த மருந்தாகும். மாத்திரையை நாம் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பிரெஞ்சு வைத்தியர்கள் 1952-ம் வருஷத்தில் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோய்க்குக் கொடுக்கத் தொடங்கியது முதல், முன்பானால் ஆயுள் முழுவதும் பூட்டி வைக்கப்பட்டிருக்கக்கூடிய எத்தனையோ பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள். ஆனால் திரும்புவதற்கு ஒரு வீடும், கூப்பிடுவதற்கு ஒரு பெயரும் இருந்தால்தானே மருந்தின் பலன் நிலைக்கும்?

நிற்க. அந்தப் பெண்ணின் கேள்வி வீண் பயத்தில் பிறந்தது அல்ல. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவின் சுற்றுப்புறத்தில், மனநோயாளிகளை வைத்துக் காப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு தனியார் நடத்திய விடுதிகள் பல இருந்தன. 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில் அவற்றில் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். தீயைக் கண்டால் ஆடுமாடுகூடக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். இரும்புச் சங்கிலியை மனிதன் எப்படி அறுப்பான்? 28 பேர் மாண்டார்கள். பிறகு சர்க்கார் அந்த விடுதிகளையெல்லாம் மூடியதும், சுப்ரீம் கோர்ட்டு தானாகவே விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டதும், அந்த விடுதியை நடத்தியவர்கள் 2007-ல் தண்டிக்கப்பட்டதும் உண்மைதான். ஆனால் அந்த 28 பேரில் ஒருவருடைய பெயராவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊரின் பெயர் தெரிகிறது, எண் தெரிகிறது, மனிதர் தெரியவில்லை.

இதை ஒரு மதத்தின் குற்றம் என்று சொல்லி மற்றவர்கள் கையைக் கழுவிவிட முடியாது. ஏர்வாடிக்குத் தங்கள் பிள்ளையையும் பெண்ணையும் கூட்டி வந்தவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். கோவில் மண்டபத்திலும் மாதா கோவில் வாசலிலும் இதே சங்கிலி கிடந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கூட்டி வந்த ஏழைகளை மாத்திரம் திட்டுவதும் யோக்கியமாகாது. சர்க்காருடைய மனநோய் ஆஸ்பத்திரி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. இராமநாதபுரத்திலிருந்து அதற்கு 500 கிலோ மீட்டருக்கு மேல். தர்காவோ பக்கத்தில் இருந்தது. வைத்தியத்தைத் தூரத்திலும் மூட நம்பிக்கையைப் பக்கத்திலும் வைத்துவிட்டு, ஜனங்கள் ஏன் பக்கத்தில் இருப்பதற்குப் போகிறார்கள் என்று கேட்பதில் என்ன அர்த்தம்?

இப்போது சட்டம் வந்திருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018-ம் வருஷம் மே மாதம் 29-ந் தேதி அமுலுக்கு வந்தது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது அது. பலவந்தமாய்த் தலையை மொட்டையடிக்கக் கூடாது, விரும்பினால் சொந்தத் துணியை உடுத்த விடவேண்டும், வேலை செய்தால் தக்க கூலி கொடுக்க வேண்டும், எல்லோரையும் போல ஊரோடு வாழும் உரிமை உண்டு என்றும் சொல்லுகிறது. மிகவும் நல்ல சட்டம்தான். என்றாலும் சட்டத்தால் சங்கிலியை அவிழ்க்க முடியுமே தவிர, டீக்கடை பெஞ்சியில் அவருக்கு இடம் விட்டு உட்கார வைக்க முடியாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த ராக்லண்டு சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருந்து வெளிவந்த சில மனநோயாளிகள், 1940-க்குப் பிந்திய வருஷங்களில், போக்கிடமில்லாமல் பட்டணத்துப் பொதுப் புத்தகசாலையின் படிக்கட்டுகளில் கூடிப் பேசி வந்தார்கள். தங்கள் கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "நாம் தனியாக இல்லை" என்பது. 1948-ல் சில நல்லவர்கள் உதவியால் ஒரு வீடு கிடைத்தது. தோட்டத்தில் ஒரு நீரூற்று இருந்ததால் அதற்கு ஃபவுண்டன் ஹவுஸ் என்று பெயர். அங்கே போகிறவர்களுக்கு நோயாளி என்ற பெயர் கிடையாது. அங்கத்தினர் என்றுதான் பெயர். சமையல், கடிதம் எழுதுதல், கணக்கு, டெலிபோன் எல்லாவற்றையும் அங்கத்தினரும் சம்பள ஊழியரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்கிறார்கள். ஒருவர் வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆள் இருக்கிறது. இந்த முறை இன்று பல தேசங்களில் பரவியிருக்கிறது. நம் சென்னையிலும் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு பெண்கள் 1993-ல் தி பானியன் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, தெருவில் திரிந்த பெண்களுக்கு வைத்தியமும் அடைக்கலமும் கொடுத்தார்கள். 2015 முதல், குடும்பத்துக்குத் திரும்ப முடியாதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கவும் அந்த ஸ்தாபனம் ஏற்பாடு செய்து வருகிறது.

அமெரிக்காக்காரன் மாத்திரம் யோக்கியன் என்று நாம் சொல்ல வரவில்லை. ஜார்ஜியா மாகாணத்து மில்லெட்ஜ்வில் என்ற ஊரின் மனநோய் ஆஸ்பத்திரியில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 25,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். பெயர் எழுதிய கல் இல்லை. எண் போட்ட இரும்பு முளை நட்டார்கள். பிறகு புல் வெட்ட இடைஞ்சலாயிருக்கிறது என்று அந்த முளைகளையும் பிடுங்கிவிட்டார்கள். செத்த பிறகு எண்ணும் போயிற்று! ஆனால் 1997-ல் அந்த மாகாணத்தில் மனநோயை அனுபவித்துத் தேறியவர்களின் சங்கத்தார் அந்த இடத்தைப் பார்த்து மனம் கொதித்து, அதைச் சீர்படுத்த முன்வந்தார்கள். சுமார் 2,000 முளைகள் திரட்டி நடப்பட்டு நினைவிடம் உண்டாயிற்று. ஆரிகன் மாகாணத்திலும், சேலம் என்றே பெயருள்ள ஊரின் சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரியில், கேட்பாரற்றுக் கிடந்த சுமார் 3,500 பேருடைய சாம்பல் செப்பு டப்பாக்களில் இருந்தது 2004-ல் வெளிச்சத்துக்கு வந்து ஊர் வெட்கப்பட்டது. 2014-ல் அவர்களுக்கு நினைவுச் சின்னம் திறந்தார்கள். பெயர்களையும் வெளியிட்டார்கள். அதைப் பார்த்துச் சந்ததியார் வந்து சாம்பலை வாங்கிப் போகிறார்கள். ஜார்ஜியாவில் முதலில் முன்வந்தது சர்க்கார் அல்ல, பாதிரி அல்ல, அதே நோயை அனுபவித்தவர்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தங்கள் மானத்தைத் தாங்களே காத்துக்கொள்வதற்கு இதைவிட வேறென்ன உதாரணம் வேண்டும்?

மனநோயாளியை ஊருக்குள் விட்டால் ஆபத்து என்று பலர் சொல்லுகிறார்கள். மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. மற்றவர்களிடம் அடியும் கல்லும் படுகிறவர்களே அதிகம். எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள், கல்லை எறிகிறவன் யார், எறிபடுகிறவன் யார் என்பது விளங்கும்.

மற்றவர்களைச் சொல்லிக்கொண்டு நம்மை விட்டுவிடுவது நாணயமாகாது. ஜாதிப் பெயரைச் சொல்லி ஒருவனைத் திட்டுவது இழிவு என்று ஊர் ஊராய்ப் பேசுகிற நாமே, எதிரியை மடக்க வேண்டுமென்றால் மேடையில் நின்று "பைத்தியம்" என்கிறோம், "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பு" என்கிறோம். இந்தப் பத்திரிகையில் நாமே அப்படி எழுதியும் இருக்கிறோம். நோயின் பெயரை வசவாக்குவது எந்தச் சுயமரியாதையில் சேர்ந்தது? அன்றைய கூட்டத்தில் நமக்கு டீ கொடுத்தவர் முன்னால் அந்த வார்த்தையை நாம் சொல்லியிருப்போமா? இனி அது நம் பேனாவிலிருந்து வராது என்று இங்கே ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் ஜில்லாவில் இப்படிப்பட்ட இல்லம் இருந்தால் போய்ப் பாருங்கள். பழைய துணியையும் மிச்சச் சோற்றையும் கொடுத்துப் புண்ணியம் தேடப் போகாதீர்கள். உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். வேலை கொடுக்கக்கூடியவர்கள் வேலை கொடுங்கள், கூலியும் சரியாகக் கொடுங்கள். இல்லம் நடத்துகிறவர்கள் ஒவ்வொருவருடைய பெயர், ஊர், தொழில், பிரியமான பண்டம் வரையில் ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஒருவர் இறந்தால் எல்லோரையும் கூட்டி அவரைப் பற்றிப் பேசுங்கள். பெயர் எழுதிய கல் ஒன்று நடுங்கள். வருஷாவருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, ஏர்வாடியில் மாண்டவர்களில் தெரிந்த பெயர்களையாவது நம் சங்கங்களில் வாசிக்க வேண்டும். தெரியாத பெயர்களைத் தேட வேண்டும்.

அந்தப் பெண் அக்காவைப் பார்த்துக் கேட்ட கேள்வி நம் எல்லோரையும் பார்த்துக் கேட்டதுதான். "பேசுவோம், உன் பெயரைச் சொல்லித்தான் பேசுவோம்" என்று அந்த இல்லம் பதில் சொல்லிவிட்டது. ஊர் என்ன பதில் சொல்லப் போகிறது?